ஜெயித்த பெட்டியைக் காணோம்

“பெட்டிக்குள்ள இன்னா இருந்திச்சு?” என்று கேட்டான் லியோனார்ட்.

“பொய்,” என்றாள் மலர்க்கொடி.

எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. முன்னால் இருந்த லாரியின் டிரைவர் கீழே இறங்கி, ஸ்டவ் பற்றவைத்து, சோறு வடித்துக்கொண்டிருந்தார். துறைமுக வரிசை இப்போதைக்கு அசையாது என்று அர்த்தம்.

“புரியறா மாதிரி சொல்லு மேடம்.”

“இப்ப வர்ற பிக்கப் வண்டியில எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எவ்வளவு டீசல் விடணும்னு அதுதான் முடிவு பண்ணும். இந்தப் பெட்டிய நடுவுல சொருகினா, டீசல் பத்தல, பத்தலன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிட்டே இருக்கும். அது நம்பி இன்னும் கொஞ்சம் விடும். வண்டி சீறும்.”

“இன்னா வெல?”

“பன்னிரண்டாயிரம்.”

“பொய் சொல்றதுக்கா? எம் மச்சான் ஓசிலயே சொல்லுவான்.”

சோற்றுக்காரர் கஞ்சியைச் சாலையோரம் கொட்டினார். அந்த இடைவெளியில் லியோனார்ட் ஸ்கூட்டரை நுழைத்தான்.

மலர்க்கொடி பதினோரு வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டவள். நசுங்கிய வண்டிகள் உண்மை சொல்லும், அவற்றின் சொந்தக்காரர்கள் சொல்லமாட்டார்கள் என்று கண்டுகொண்டதும் வேலையை விட்டுவிட்டு, டோல்கேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். லியோனார்ட் துறைமுகத்தில் இருபது வருடம் சரக்கு எண்ணியவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டான். எண்ணும் பழக்கத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. மாதா கோயில் திருவிழாவில் மெழுகுவர்த்தியைக்கூட எண்ணிவிட்டுத்தான் கும்பிடுவான்.

ராசையாவின் ஐஸ் கம்பெனியில் ஆறு பிக்கப் வண்டிகள். ஒரு நடைக்கு இருபது பார் ஐஸ். உமி தூவி, சாக்குப் போட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, எண்ணூரிலிருந்து காசிமேட்டுக்கு நாளைக்கு நான்கு நடை. வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ஐஸ் உருகும், படகுக்காரர்கள் திட்டுவார்கள். இதற்கு ராசையாவின் மகன் ஜெபின் ஒரு வழி கண்டுபிடித்தான். பெட்டி.

மூன்று பெட்டிகள் வந்தன. கோயமுத்தூரிலிருந்து ஒன்று, டெல்லியிலிருந்து ஒன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒன்று. மூன்று வண்டிகளில் மாட்டி, பத்து நாள் சோதனை. திங்கட்கிழமை முடிவு சொன்னார்கள். வண்ணாரப்பேட்டை ஜெயித்தது. வெள்ளிக்கிழமை காலை ஜெபின் வண்டியின் பானெட்டைத் திறந்தபோது, ஜெயித்த பெட்டியைக் காணோம்.

ராசையா வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா. தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு இன்னும் ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தது.

“வாங்கம்மா. பையன் கேட்டான்னுதான் ஒங்களுக்குப் பீஸ் குடுத்தேன். நாலு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள வேற ஆளக் காட்டுனா பாக்குதேன். இல்லன்னா இவந்தான்.”

இவன் என்று அவர் காட்டியவர் உமிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. காக்கிச் சட்டையின் காலர் கிழிசல் தெரியாமல் திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. பெயர் பீம்ராவ், வியாசர்பாடி. பெட்டி மாட்டியிருந்த வண்டியை ஓட்டுபவர். சாவியும் அவரிடம்தான்.

“போலீஸ் கேஸ் ஆச்சின்னா லைசென்ஸ் பூடும் மேடம்,” என்றார் பீம்ராவ். “பதினாலு வருஷமா இங்க ஓட்டிகினு கீறேன். ஒரு போல்ட்டு எடுத்ததில்ல.”

“அதான் மொத்தமா எடுத்துட்ட,” என்றார் ராசையா.

ஜெபின் மடிக்கணினியோடு வந்தான். இயந்திரப் பொறியியல் முடித்து நான்கு மாதம் ஆகிறது. திரையில் மூன்று நிறத்தில் கோடுகள்.

“பெட்டி இல்லாம லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் மேடம். கோயமுத்தூர் பெட்டி பதினொண்ணு. டெல்லி பத்து. வண்ணாரப்பேட்டை பதினாறு. டேங்க்கை நிரப்பி, நாலு நடை ஓட்டி, மறுபடி நிரப்பி, நானே எழுதினேன். டிரைவருங்களும் தனியா நோட்டு எழுதினாங்க, ஆர்டர் குடுக்கற வரைக்கும் எழுதச் சொல்லியிருக்கேன்.”

“பதினாறு,” என்றாள் மலர்க்கொடி.

“அதான் எனக்கும் ஆச்சரியம். உள்ள என்ன சர்க்யூட் இருக்குன்னு பார்க்கணும். இன்னைக்குத் திறந்து பார்த்துட்டு ஆறு வண்டிக்கும் ஆர்டர் குடுக்கறதா இருந்தேன். ஆயுத பூஜைக்குள்ள மாட்டிடலாம்னு. திங்கட்கிழமை மூணு பேருக்கும் போன் பண்ணி இதையேதான் சொன்னேன்.”

மலர்க்கொடி பானெட்டுக்குள் குனிந்தாள். பெட்டி ஒட்டியிருந்த இடத்தில் இரண்டு பட்டை ஒட்டு நாடா மட்டும் இருந்தது. அதை விரலால் தொட்டாள். விரலை லியோனார்டிடம் நீட்டினாள்.

“எத்தனை நாள்?”

லியோனார்ட் ராயபுரத்தில் பிறந்தவன். துறைமுகத்து நிலக்கரி தினமும் வந்து உட்காராத ஜன்னல் அங்கே கிடையாது. கட்டையைத் தொட்டுப் பார்த்து, கடைசியாகத் துடைத்தது என்றைக்கு என்று சொல்லாத பெண்ணும் கிடையாது. அவன் மனைவி இருதயம்மாள் மணிக்கணக்கே சொல்வாள்.

“ஒரு நாளுன்னா சாம்பல் கலரு. ரெண்டு நாளுன்னா பென்சிலு. இது மையி. மூணு நாள் கரி.”

“அப்ப செவ்வாய்க்கிழமை.”

“பாத்தியளா!” ராசையா பாய்ந்தார். “செவ்வாக்கெழம போன பெட்டிக்கு, புதன்கெழம என்ன எழுதியிருக்கான் பாருங்க. வியாழன் என்ன எழுதியிருக்கான் பாருங்க.”

நோட்டை நீட்டினார். பீம்ராவின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. புதன்: இழுவை சூப்பர், மைலேஜ் 16. வியாழன்: இழுவை சூப்பர், மைலேஜ் 16.

வந்த காரியம் கெட்டுவிட்டது என்று லியோனார்டுக்குத் தோன்றியது. காப்பாற்ற வந்த விரலே ஆளை மாட்டிவிட்டது. அவன் பீம்ராவைப் பார்த்தான். அந்த மனிதர் பயப்படவில்லை. வாயைத் திறந்துகொண்டு தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல.

“செவ்வாக்கெயமயா?” என்றார் பீம்ராவ் மெதுவாக. “மூணு நாளாவா இல்ல?”

மலர்க்கொடி இன்னும் குனிந்தே இருந்தாள். “ஜெபின், இந்தப் பெட்டியப் பிடுங்கினா வண்டி ஓடுமா?”

“பிடுங்கி விட்டா ஓடாது. பழைய பிளக்கைத் திரும்ப மாட்டணும்.”

“மாட்டியிருக்கு. கம்பியச் சுத்தி டேப்பும் ஒட்டியிருக்கு.” நிமிர்ந்தாள். “லியோ, பாக்கெட் அடிக்கறவன், கிழிச்ச பாக்கெட்டத் தைச்சுக் குடுத்துட்டுப் போவானா?”

“நல்ல குடும்பத்துப் புள்ளையா இருந்தா?”

அவள் சிரிக்கவில்லை. ராசையாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தோத்தவங்க ரெண்டு பேரும் திங்கட்கிழமைக்கு அப்புறம் போன் பண்ணாங்களா?”

“ஆளுக்கு நாலு தடவ. வெலயக் கொறைக்கேன், இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்கன்னு ஒரே கரச்சல்.”

“ஜெயிச்சவர்?”

ராசையா யோசித்தார். “இல்ல.”

புறப்படும்போது லியோனார்ட் ஐஸ் ஏற்றும் மேடையில் தொங்கிய கரும்பலகையைப் பார்த்தான். பழக்கம். ஆறு வண்டி, ஏற்றியது எத்தனை, இறக்கியது எத்தனை. மற்ற ஐந்து வண்டிக்கும் இருபது, இருபது, இருபது. பீம்ராவின் வண்டிக்கு மட்டும் விடியற்காலை முதல் நடையில் இருபது போய், பத்தொன்பது இறங்கியிருந்தது. முந்தைய நாட்களின் வரிசையும் அழியாமல் அப்படியே இருந்தது. எல்லாம் பத்தொன்பது.

“ஒரு பார் இன்னாத்துக்குக் கொறையுது?”

“உருகறதுதான்,” என்றான் ஜெபின். “டிரான்ஸிட் லாஸ்.”

மலர்க்கொடி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள். மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

வண்ணாரப்பேட்டையில் ஜெயவேலின் கடை இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே சொருகிக்கொண்டிருந்தது. ஹாரன், ஸ்பீக்கர், பின்விளக்கு, சீட்டுக்கவர். கண்ணாடி அலமாரியில் ஏழெட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டி அளவு. கறுப்பு நிறம், மேலே வெள்ளிக் கழுகு.

ஜெயவேல் ஸ்டூலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“வாழ்த்துகள்,” என்றாள் மலர்க்கொடி. “ராசையா கம்பெனி ஆர்டர் உங்களுக்குத்தானாமே?”

“ஆமா மேடம்,” என்றான் ஜெயவேல். சாவு வீட்டில் விசாரிக்கப்பட்டவன்போலத் தலையாட்டினான்.

“ஸ்வீட்டு எங்க நைனா?” என்றான் லியோனார்ட். “ஆறு பெட்டி. எழுவத்திரெண்டாயிரம். இந்நேரம் தெருவுக்கே லட்டு குடுத்திருக்கணும். நீ இன்னாடான்னா பேதிக்குச் சாப்ட்டவன் மாதிரி குந்திகினுகீற.”

“ஒடம்பு சரியில்ல.”

“திங்கட்கிழமையிலேர்ந்தா?” என்றாள் மலர்க்கொடி.

ஜெயவேல் டம்ளரைக் கீழே வைத்தான்.

“உங்க பெட்டியக் காணோம்,” என்றாள் அவள். “தெரியுமா?”

“ஐயய்யோ! எப்போ?”

“உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும். எவனோ உங்க பன்னிரண்டாயிரம் ரூபா பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். நீங்க ஆர்டர் என்னாச்சுன்னுகூட ஒரு போன் பண்ணல. தோத்தவங்க நாலு நாலு தடவை பண்றாங்க.” அலமாரியைக் காட்டினாள். “எனக்கு ஒண்ணு குடுங்க. பணம் தரேன்.”

“அது... ஸ்டாக்கு இல்ல மேடம்.”

“கண்ணு முன்னாடி எட்டு கீது,” என்றான் லியோனார்ட். எண்ணியாகிவிட்டது. கையை நீட்டி ஒன்றை எடுத்தும் ஆகிவிட்டது. பின்பக்கம் நான்கு திருகு. ஹாரன் கழற்றும் ஸ்க்ரூடிரைவர் மேசையிலேயே கிடந்தது.

“தோஸ்து, வேணாம்!” என்றான் ஜெயவேல்.

மூடி கழன்றது. உள்ளே ஒரு பச்சை விளக்கு. அது எரிய இரண்டு கம்பி. கனத்துக்கு, பைப் ஓட்டையை அடைக்கும் பசை ஒரு உருண்டை. எஞ்சினிலிருந்து வரவேண்டிய கம்பி ஒரு பக்கம் நுழைந்து, யாரையும் பார்க்காமல், மறுபக்கம் வெளியே போனது.

லியோனார்ட் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். “மேடம், பொய்யிகூட இல்ல.”

ஜெயவேல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

“நாப்பது பெட்டி வித்துட்டேன் மேடம். ஒருத்தன் திரும்பி வரல. எல்லாரும் வண்டி பறக்குதுங்கறான். பன்னெண்டாயிரம் குடுத்தவனுக்கு மாட்டுவண்டியும் பறக்கும். இந்த ஐஸ்காரரு புள்ள சோதனை அது இதுன்னாரு. நாம எங்க ஜெயிக்கப் போறோம், பத்து நாள்ல திருப்பிக் குடுத்துடுவாங்கன்னு மாட்டிட்டேன். திங்கக்கெயம போனு. நீதான் ஜெயிச்சேங்கறாரு. உள்ள சர்க்யூட்டு பாக்கணும்ங்கறாரு. நான் சர்க்யூட்டுக்கு எங்க போவேன்?”

“செவ்வாய்க்கிழமை காசிமேட்டுக்குப் போனீங்க.”

“வண்டிய ஓரமா, பூட்டாம வுட்டுட்டு அந்தாளு டீ குடிக்கப் போனாரு. கழட்டிகினு வந்துட்டேன். பழைய பிளக்க மாட்டி வுட்டேன், பாவம், வண்டி நின்னுடக் கூடாதேன்னு.” நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் உண்மையான குழப்பம் இருந்தது. “ஆனா ஒண்ணு மேடம். நான் திருடந்தான். ஒத்துக்கறேன். அது எப்டி பதினாறு குடுத்துச்சின்னு மட்டும் சத்தியமா எனக்குத் தெரியாது.”

லியோனார்ட் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றரை. “அவ்ளோதான் மேடம். இவன வண்டியில ஏத்து. பெட்டியக் காட்டு. பீம்ராவு அவரு வூட்டுக்குப் போலாம், நாம சாப்பிடப் போலாம்.”

“போகலாம். ராசையா என்ன கேப்பாரு?”

“இன்னா கேப்பாரு?”

“இவர் கேட்டதைத்தான். காலிப் பெட்டி எப்படி ஜெயிச்சுதுன்னு.”

லியோனார்ட் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நினைவுக்கு வந்தன. பெட்டியே இல்லாத இரண்டு நாள், பெட்டி இருந்த நாளைப்போலவே பதினாறு. பீம்ராவ் திருடன் இல்லை என்று காட்ட இந்த மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் அடுத்த கேள்வி நேராகப் பீம்ராவிடம்தான் போகும்.

“பேஜாராப் போச்சே,” என்றான்.

மலர்க்கொடி ஜெயவேலிடம் திரும்பினாள். “ராசையா வண்டியிலேர்ந்து எடுத்த பெட்டி எங்க?”

ஸ்டூலுக்கு அடியிலிருந்து வந்தது.

எண்ணூருக்குத் திரும்பும்போது மணி மூன்று இருபது. உமிச் சாக்கின் மேல் பீம்ராவ் அதே இடத்தில் இருந்தார். யாரோ வைத்த டீ ஆடை கட்டியிருந்தது. மலர்க்கொடி எதிரே இன்னொரு சாக்கில் உட்கார்ந்தாள். ஜெபின் தூரத்தில் இருந்தான்.

“ஒரு பார் ஐஸுக்கு எத்தனை லிட்டர் டீசல்?” என்று கேட்டாள்.

பீம்ராவ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

“இருபது பார்ல பத்தொன்பது எறங்குது. ஐஸ் உருகும், தெரியும். ஆனா வரிசையில ஒரு பார் மட்டும் மொத்தமா உருகி, மத்த பத்தொன்பதும் முழுசா நிக்காது. உருகினா எல்லா பாரும் கொஞ்சம் கொஞ்சம் இளைக்கும். அந்த ஒரு பார் நடந்து போயிருக்கு. காசிமேட்டுல ஐஸ் தேவைப்படறவங்க படகுக்காரங்க. அவங்ககிட்ட இருக்கறது டீசல்.”

“ரெண்டு லிட்டரு,” என்றார் பீம்ராவ்.

“தினமுமா?”

“தெனமும். டேங்க்குல ஊத்திட்டுதான் வருவேன். அப்பால தம்பி நெரப்பும்போது கம்மியா புடிக்கும். பதினாறு வந்துடும்.”

“ஏன் நைனா?” என்றான் லியோனார்ட். “ஜெயவேலு உனக்கு மாமனா, மச்சானா?”

“அந்தாளு யாருன்னே தெரியாது சார்.” பீம்ராவ் மேடையில் நின்ற ஆறு வண்டிகளைப் பார்த்தார். “கோயமுத்தூர் பெட்டி மாட்டுன அன்னிக்கி நானும் ஓட்டிப் பாத்தேன். மிதிச்சா பறக்குது. நல்ல பெட்டி சார் அது. அதான் பயமாப் போச்சி. தம்பி கம்ப்யூட்டர்ல ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்திச்சு. இந்தப் பெட்டி வந்தா வண்டிக்கு அஞ்சு நடை. அஞ்சு நடை அடிச்சா அஞ்சு வண்டி போதும். ஆறாவது வண்டிய வித்துடலாம். ஆறாவது டிரைவரு யாருன்னு அதுல போடல. ஆறு பேருக்கும் தூக்கம் இல்ல.”

“அதனால?”

“அப்பால நம்ம வண்டில இந்த வண்ணாரப்பேட்ட பெட்டிய மாட்டுனாங்க. மிதிச்சேன். எப்பவும் போறா மாதிரியே போச்சி. மறுக்கா மிதிச்சேன். ஒண்ணியும் காணோம். கோயமுத்தூர் பெட்டி வண்டி ஓட்டற வேம்பண்ணங்கிட்ட சொன்னேன், அண்ணே, இது ஒண்ணுமே செய்யாத பெட்டின்னு. அப்ப இதாண்டா நம்ம பெட்டின்னாரு. ஒண்ணுமே செய்யாதது ஜெயிச்சா ஒண்ணுமே மாறாதுல்ல? வேம்பண்ணன் கோயமுத்தூர் பெட்டிய, டீசல் நல்லா குடிக்கட்டும்னு ரெண்டாங் கியர்லயே ஓட்டுனாரு. டெல்லிக்கும் அதான். நான் நம்ம பெட்டிக்கு ஊத்துனேன்.”

“அது காணாம போனது உங்களுக்குத் தெரியல.”

“எப்டி மேடம் தெரியும்? இருந்தப்பவும் அப்டித்தான் ஓடிச்சி. போனப்பவும் அப்டித்தான் ஓடிச்சி.”

லியோனார்ட் இருபது வருடத்தில் துறைமுகத்தில் பல திருட்டுகளைப் பார்த்திருக்கிறான். ஒன்றும் மாறாமல் இருப்பதற்காக ஒருவன் தினமும் பாடுபட்டுத் திருடி அவன் பார்த்ததில்லை.

“மேல போறேன்,” என்று எழுந்தாள் மலர்க்கொடி.

“இன்னா சொல்லப் போற மேடம்?”

“பீஸ் வாங்கியிருக்கோம். நடந்ததைச் சொல்லணும்.”

பீம்ராவ் ஆடை கட்டிய டீயை எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்தார்.

மாடி அறையில் மர மேசை, பைபிள் வசனம் போட்ட காலண்டர், அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய படம். படத்தில் ஜெபின் கறுப்பு அங்கியில், சதுரத் தொப்பியில், சுருட்டிய தாளோடு. கண்ணாடியில் கரி இல்லை. அறையிலேயே தினமும் துடைக்கப்படுவது அது ஒன்றுதான் என்பதை லியோனார்ட் கவனித்தான்.

ஜெபினும் உள்ளே வரப் பார்த்தான். “நீங்க கொஞ்சம் கீழ இருங்க,” என்று மலர்க்கொடி கதவைச் சாத்தினாள்.

பெட்டியை மேசையில் வைத்தாள். மூடியை ராசையாவே திறந்தார். உள்ளே பார்த்தார். விரலால் பசை உருண்டையைத் தட்டினார். யார் எடுத்தார்கள், எப்போது, ஏன் என்று அவள் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

“அப்ப பீம்ராவு எடுக்கல.”

“எடுக்கல.”

“பொறவு இந்தச் சோப்பு டப்பா எப்டிம்மா பதினாறு குடுத்துது?”

மலர்க்கொடி ஜன்னல் வழியாகக் கீழே கரும்பலகையைக் காட்டினாள். “இருபது ஏத்தினா பத்தொன்பது எறங்குது. ஒரு பார் ஐஸ் மொத்தமா உருகுமா சார்?”

லியோனார்ட் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தான். நாற்காலி பறக்கும் என்று எதிர்பார்த்தான். ராசையா அசையவில்லை.

“உருகாது,” என்றார் கடைசியில். “முப்பது வருசமா ஐஸ் விக்கேன். எளைக்கும். காணாமப் போகாது.”

“பார்த்தீங்களா?”

“மொத நாளே பாத்தேன். ஏதோ படகுக்காரனுக்குப் போவுதுன்னு தெரியும். எதுக்குன்னு தெரியல.” டீசலுக்கு, ஆறாவது டிரைவரின் வேலைக்கு என்று மலர்க்கொடி சொன்னாள். ராசையாவின் பார்வை சுவரிலிருந்த படத்துக்குப் போனது. “அவன் கேப்பான்னு இருந்தேன். தெனமும் அந்தப் பலகைக்கு முன்னால நின்னுதான் கோடு போடுதான். ரெண்டாம் நாள் கேப்பான், மூணாம் நாள் கேப்பான்னு பாத்தேன். பத்து நாளாச்சு. உருகுறதுதான்னுட்டான். ஐஸ்காரன் மவன்.”

ராசையா வேட்டி நுனியால் படத்தின் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார்.

“ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்,” என்றார். “பையன் வந்து மொதல்ல எடுத்த முடிவு, மூணு பெட்டில சரியானதத் தூக்கிட்டாம்னு. எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், வாயத் தொறந்தான்னா ஆறு மாசத்துக்கு மூடமாட்டான்.”

மலர்க்கொடி பெட்டியின் மூடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இது ஒங்க ரெண்டு பேரோட இருக்கும்லா?”

“எங்க தொழிலே அதுதான்.”

“அந்த வண்ணாரப்பேட்டக்காரன் வாய மூடுவானா?”

“மூச்சே விடமாட்டான்,” என்றான் லியோனார்ட்.

ராசையா மூடியைப் பொருத்தினார். நான்கு திருகையும் தன் கையாலேயே திருகினார். கடைசித் திருகைக் கூடுதலாக ஒரு சுற்று இறுக்கினார்.

“ஆறு பெட்டி. ஒண்ணுக்கு எரநூறு ரூவா குடுக்கேன். பில்லுல பன்னெண்டாயிரம்னு போடச் சொல்லுங்க, பையன் பாப்பான். பொறவு ஆறு வண்டிக்கும் பின்னால லைட்டு எரியல. அத அவன் சும்மா மாட்டித் தரட்டும். களவாண்டதுக்கு.”

“சார்,” என்றான் லியோனார்ட். அவனுக்குத் தாங்கவில்லை. “நாளையிலேர்ந்து படகு டீசல் நின்னுடும். மைலேஜு பதினாறுலேர்ந்து பன்னெண்டுக்கு வந்துடுமே. தம்பி கோடு போட்டா தெரியாதா?”

ராசையா அவனை முதல் தடவையாக இரக்கத்தோடு பார்த்தார்.

“கல்யாணம் முடிஞ்ச பொறவு எவன்வே ஜாதகத்த எடுத்துப் பாக்கான்?”

கீழே இறங்கினார்கள். ராசையா மகனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தார். கடைக்காரன் சர்வீஸுக்கு எடுத்துப் போனானாம், சொல்ல மறந்துவிட்டானாம்.

“அப்பா, ஒரு தடவை திறந்து பார்த்துட்டு...”

“சீலு ஒடஞ்சா வாரண்டி போயிரும்லா. மாட்டு.”

பிறகு உமிச் சாக்கின் பக்கம் திரும்பினார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு எந்த ஊர்ப் பேச்சிலும் வராது என்று லியோனார்டுக்குத் தெரிந்தது.

“பீம்ராவு. நாளையிலேந்து இருவதுன்னா இருவது எறங்கணும்.”

பீம்ராவ் எழுந்து நின்றார். அவர் பார்வை ராசையாவிடமிருந்து மலர்க்கொடிக்கும், அவளிடமிருந்து திரும்ப ராசையாவுக்கும் போனது. “இருவது மொதலாளி.”

“நடை எப்பவும்போல நாலு. போய் வேற டீ வாங்கிக் குடி.”

ஜெபின் புதிய ஒட்டு நாடா ஒட்டி, பெட்டியை அழுத்தி, பிளக்கை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. பீம்ராவ் வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். மிதித்தார். காதைச் சாய்த்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டார். மேடையில் வேம்பண்ணனும் மற்ற டிரைவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான் ஜெபின்.

“இழுவை சூப்பர் தம்பி,” என்றார் பீம்ராவ்.

ஜெபின் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.